293318625600: ஒரு பேரெண்ணைக் கையால் பிரித்துப் படிப்பது எப்படி

பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைக் கொடுத்து அதன் இயல்புகளைச் சொல்லும்படி கேட்டால், பெரும்பாலோர் உடனே கணினியைத் திறப்பார்கள். ஆனால் பள்ளியில் படித்த வகுத்தலும் பெருக்கலும் மறக்காமல் இருந்தால், ஒரு தாளும் பென்சிலும் ஒரு மாலை நேரமும் போதும். அவ்வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை, ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு இங்கே செய்து காட்டுகிறேன். அந்த எண் 293318625600. நம் வழக்கில் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இந்த எண்ணைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு அதிகமான காரணிகளைக் கொண்ட எண்களைப் பற்றி இராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். மறு ஆண்டு மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் வழங்கியது இந்த ஆய்வுக்காகத்தான். இத்தகைய எண்களை மிகு பகு எண்கள் என்று இங்கே அழைக்கலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று தொடங்கும் இவ்வரிசையில் 6746328388800 வரை 102 எண்களை அவர் பட்டியலிட்டார். அப்பட்டியலில் இடம்பெற வேண்டியிருந்தும் விடுபட்டுப்போன எண்தான் 293318625600. அது உண்மையிலேயே அந்த வரிசைக்கு உரியதுதானா என்பதை நம் கையாலேயே சரிபார்ப்பது இந்த வழிகாட்டியின் இலக்கு. மற்ற இயல்புகள் போகிற வழியில் கிடைக்கும்.

முதலில் எண்ணைச் சரியாக எழுதுங்கள்

பெரிய எண்களோடு வேலை செய்யும்போது நேரும் பிழைகளில் பெரும்பகுதி கணக்கில் நேர்வதில்லை, படியெடுப்பதில் நேர்கிறது. எனவே எண்ணைத் தாளில் எழுதியதும் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 45 வருகிறது. ஆகவே எண் 9-ஆல் வகுபடும். அடுத்து, வலக்கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டியும் கழித்தும் வாருங்கள்: 0 − 0 + 6 − 5 + 2 − 6 + 8 − 1 + 3 − 3 + 9 − 2. விடை 11. ஆகவே எண் 11-ஆலும் வகுபடும்.

இலக்கக் கூட்டல் மட்டும் போதாதா என்று தோன்றலாம். போதாது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டால் கூட்டல் மாறாது. 318 என்பதை 381 என்று எழுதிவிட்டால், அதாவது எண்ணை 293381625600 என்று படியெடுத்துவிட்டால், இலக்கக் கூட்டல் அப்போதும் 45 தான். ஆனால் கூட்டிக் கழிக்கும் சோதனையில் 11-க்குப் பதில் −3 வந்து நின்று பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். படியெடுத்த எண்ணை நம்புவதற்கு முன் இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்தே செய்வது நல்லது.

இனி எண்ணை மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து எழுதுங்கள்: 293 | 318 | 625 | 600. நம் வழக்கப்படி 2,93,31,86,25,600 என்று காற்புள்ளி இட்டால் இப்போது காணப்போகும் ஒன்று கண்ணில் படாமலே போய்விடும். வலமிருந்து இந்த நான்கு பகுதிகளையும் மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்: 600 − 625 + 318 − 293. விடை சுழியம். 1001 என்பது 7 × 11 × 13 ஆகையாலும், 1000 என்பது 1001-ஐவிட ஒன்று குறைவாகையாலும், இந்தக் கூட்டிக் கழித்த விடை எந்த எண்ணால் மீதியின்றி வகுபடுகிறது என்பதைப் பொறுத்தே மூல எண்ணும் 7, 11, 13 ஆகியவற்றால் வகுபடுவது அமையும். விடை சுழியமாகவே இருப்பதால் மூன்றும் ஒரே அடியில் உறுதியாகிவிட்டன. பன்னிரண்டு இலக்க எண்ணை ஒருமுறைகூட வகுக்காமல் மூன்று பகாக் காரணிகளைப் பிடித்துவிட்டோம்.

பகாக் காரணிகளாகப் பிரித்தல்

எண்ணின் எல்லா இயல்புகளும் இந்த ஒரு வேலையில்தான் அடங்கியிருக்கின்றன. இங்கே பொறுமை காட்டினால் பின்னால் வரும் அனைத்தும் வாய்ப்பாட்டுக் கணக்காகிவிடும்.

இறுதியில் இரண்டு சுழியங்கள் இருப்பதால் 100-ஐ, அதாவது 2² × 5²-ஐ, வெளியே எடுத்துவிடலாம். மிஞ்சுவது 2933186256. கடைசி இலக்கம் 6 என்பதால் இனி இதில் 5 இல்லை. கடைசி நான்கு இலக்கங்கள் 6256. அது 16 × 391. பத்தாயிரம் 16-ஆல் வகுபடும் என்பதால் முழு எண்ணும் 16-ஆல் வகுபடும். வகுத்தால் 183324141 கிடைக்கிறது. இது ஒற்றைப்படை எண் ஆகையால் 2-இன் கணக்கும் முடிந்தது: முன்பு எடுத்த 2², இப்போது எடுத்த 2⁴, ஆக மொத்தம் 2⁶.

183324141-இன் இலக்கங்களைக் கூட்டினால் 27. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இலக்கக் கூட்டல் 27 என்பதால் எண் 27-ஆல் வகுபடும் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு, அது தவறு. 1899-இன் இலக்கக் கூட்டலும் 27 தான், ஆனால் அது 9 × 211, 27-ஆல் வகுபடாது. கூட்டல் சோதனை 3-க்கும் 9-க்கும் மட்டுமே செல்லும். எனவே ஒவ்வொரு முறையும் 9-ஆல் வகுத்து, வந்த ஈவின் இலக்கங்களை மீண்டும் கூட்டிப் பாருங்கள். 183324141 ÷ 9 = 20369349; கூட்டல் 36. மீண்டும் வகுத்தால் 2263261, கூட்டல் 22. இனி 3 இல்லை. ஆகவே 3⁴.

கையில் இருப்பது 2263261. இதையும் மூன்று மூன்றாகப் பிரித்தால் 2 | 263 | 261; 261 − 263 + 2 = 0. எதிர்பார்த்ததுதான். 1001-ஆல் வகுத்தால் ஈவு 2261. அது 2100 + 161 என்பதால் 7 இன்னொரு முறை உள்ளே இருக்கிறது, வகுத்தால் 323. இந்த 323-ஐப் பார்த்ததும் அது 324-க்கு ஒன்று குறைவு, அதாவது 18² − 1² என்று தோன்றுமானால் நீங்கள் எண்களோடு பழகியவர். 18 − 1 = 17, 18 + 1 = 19; இரண்டும் பகா எண்கள்.

ஆகவே 293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19.

வேறொரு வழியில் சரிபார்த்தல்

ஒரே வழியில் கிடைத்த விடையை அதே வழியில் திரும்பச் செய்து பார்ப்பது சரிபார்த்தல் ஆகாது. செய்த பிழையையே மீண்டும் செய்ய வாய்ப்பு அதிகம். வேறொரு திசையிலிருந்து வர வேண்டும். அதற்கு 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ஃபெர்மாவின் முறை இருக்கிறது. எண்ணின் வர்க்கமூலத்துக்குச் சற்று மேலே உள்ள முழு எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழிக்க வேண்டும். மிச்சம் ஒரு வர்க்க எண்ணாக இருந்தால், நம் எண் இரண்டு வர்க்கங்களின் வேறுபாடு. ஆகவே உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். மிச்சம் வர்க்கமாக இல்லாவிட்டால், அடுத்த முழு எண்ணுக்கு நகர வேண்டும்.

நம் எண்ணின் வர்க்கமூலம் 541588-க்கும் 541589-க்கும் இடையில் இருக்கிறது. 541589-இன் வர்க்கத்தைக் காண 541600-லிருந்து 11-ஐக் கழித்ததாகக் கொள்வது எளிது: 293330560000 − 11915200 + 121 = 293318644921. இதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 19321. இது 139 × 139. முதல் முயற்சியிலேயே வர்க்க எண் வந்து நிற்கிறது! ஆகவே நம் எண் (541589 − 139) × (541589 + 139), அதாவது 541450 × 541728. தனித்தனியே பிரித்தால், 541450 = 2 × 5² × 7² × 13 × 17; 541728 = 2⁵ × 3⁴ × 11 × 19. இரண்டையும் சேர்த்தால் முன்பு கிடைத்த அதே பகாக் காரணிகள், அதே அடுக்குகளோடு.

இது வியப்பாக இருந்தாலும் தற்செயல் மட்டும் அன்று. ஏராளமான காரணிகள் உள்ள எண்ணில், ஒன்றோடொன்று பெருக்கினால் அந்த எண்ணைத் தரும் இணைகளும் ஏராளம். அவற்றுள் ஏதோ ஓர் இணை வர்க்கமூலத்தை ஒட்டி அமைவது இயல்பு. நேர்மாறாக, வெகு தூரம் விலகி நிற்கும் இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கமாக ஒரு பன்னிரண்டு இலக்க எண் இருந்தால், ஃபெர்மாவின் முறையில் ஆயிரக்கணக்கான படிகள் வேண்டியிருக்கும். அங்கே கணினியை நாடுவதே முறை.

அடுக்குகளிலிருந்து படித்தல்

காரணிகளின் எண்ணிக்கையைக் காண ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். காரணம் எளியது: ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ ஒருமுறைகூட எடுக்காமல் விடுவதிலிருந்து ஆறு முறை எடுப்பது வரை ஏழு வாய்ப்புகள், 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மீதி நான்கு பகா எண்களுக்கு இரண்டிரண்டு. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இது ஒன்றிலிருந்து ஏழு வரையிலான எண்களின் பெருக்கம் என்பதோடு, 5040-ம் ஒரு மிகு பகு எண்தான்; அதற்கு 60 காரணிகள். ஒற்றைப்படைக் காரணிகள் மட்டும் எத்தனை என்று கேட்டால் 2-க்கு உரிய ஏழை விட்டுவிடுங்கள்: 720.

இந்த எண்ணில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் உள்ளே இருக்கும் வர்க்கம். 2⁶ × 3⁴ × 5² × 7² என்னும் பகுதியில் எல்லா அடுக்குகளும் இரட்டைப்படை. ஆகவே அது ஒரு முழு வர்க்கம்; அதன் வர்க்கமூலம் 8 × 9 × 5 × 7 = 2520. ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 2520 என்பதைப் பள்ளி நாட்களில் மீச்சிறு பொது மடங்குப் பாடத்தில் கண்டிருப்பீர்கள். ஆக நம் எண் 2520² × 11 × 13 × 17 × 19. நம் எண் முழு வர்க்கம் அல்லாததால் 5040 காரணிகளும் இரண்டிரண்டாக இணை சேரும். இணைகளின் எண்ணிக்கையும் 2520.

எந்தெந்த எண்களால் வகுபடும் என்று தனித்தனியே சோதிக்கவும் வேண்டியதில்லை. 16, 9, 5, 7, 11, 13, 17, 19 ஆகிய அனைத்தும் உள்ளே இருப்பதால் ஒன்று முதல் 22 வரை எல்லா எண்களாலும் வகுபடும்; முதன்முதலில் மறுப்பது 23. இந்த 23-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

காரணிகளின் கூடுதலுக்கு, ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் அடுக்குகளை ஒன்றிலிருந்து தொடங்கிக் கூட்டி, வந்தவற்றைப் பெருக்க வேண்டும். 2-க்கு 1 + 2 + 4 + 8 + 16 + 32 + 64 = 127. அவ்வாறே 3-க்கு 121, 5-க்கு 31, 7-க்கு 57; மீதி நான்குக்கு 12, 14, 18, 20. எல்லாவற்றையும் பெருக்கினால் 1642243014720. மேசைக் கணிப்பான்கள் பலவற்றில் பன்னிரண்டு இலக்கங்களே தெரியும். இந்த விடையோ பதின்மூன்று இலக்கம். எனவே முதல் நான்கையும் பெருக்கி 27153489 என்றும், பின் நான்கையும் பெருக்கி 60480 என்றும் எழுதிக்கொண்டு, கடைசிப் பெருக்கலைத் தாளில் செய்வது பாதுகாப்பு. பெருக்கிய பிறகு விடை 9-ஆலும் 11-ஆலும் வகுபடுகிறதா என்று பாருங்கள். 121 உள்ளே இருப்பதால் 11-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். 18 இருப்பதால் 9-ஆலும் வகுபட வேண்டும். இலக்கக் கூட்டல் 36. கூட்டிக் கழித்தால் சுழியம். சரியாக இருக்கிறது.

இந்தக் கூடுதலை எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 5.599. தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் தன்னைவிட மிகுந்தால் அதை மிகை எண் என்கிறோம். முதல் மிகை எண்ணான 12-க்கு இந்த விகிதம் 2.33 மட்டுமே.

நம் எண்ணைவிடச் சிறியனவற்றில் அதனோடு ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்பதைச் சொல்வது ஆய்லரின் சார்பு. ஒவ்வொரு பகா எண்ணிலும் ஓர் அடுக்கைக் குறைத்து, அதற்குப் பதில் அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்க வேண்டும். 2, 3, 5 ஆகியவற்றுக்கு 32 × 54 × 20 = 34560. 7-க்கு 7 × 6 = 42. 11, 13, 17, 19-க்கு 10 × 12 × 16 × 18, அதுவும் 34560. ஆகவே விடை 34560² × 42 = 50164531200. நூற்றுக்குப் பதினேழு எண்கள்தான் இதனோடு சார்பகா எண்களாக இருக்கின்றன. மற்ற அனைத்தும் ஏதேனும் ஒரு பகா எண்ணை இதனோடு பகிர்ந்துகொள்கின்றன.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இதை எழுத முடியுமா? நான்கால் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்கள் அனைத்தும் இரட்டைப்படை அடுக்கில் இருந்தால்தான் முடியும். இங்கே 11-ம் 19-ம் ஒற்றை அடுக்கில் நிற்பதால் முடியாது. மூன்று வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியும்: 64-ஐ நீக்கிய பின் வரும் 4583103525-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5, அந்த மீதி 7-ஆக இருந்தால் மட்டுமே முடியாமல் போகும்.

மிகு பகு எண் தானா?

இப்போது முதன்மையான வேலை. 293318625600-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5040 அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகள் இல்லை என்று காட்ட வேண்டும். இருபத்தொன்பதாயிரம் கோடி எண்களைச் சோதிப்பது நடவாது. ஆனால் இராமானுஜன் தம் கட்டுரையில் பயன்படுத்திய ஓர் எளிய உண்மை அத்தனையையும் கையால் அலசக்கூடிய அளவுக்குக் குறைத்துவிடுகிறது. காரணிகளின் எண்ணிக்கை அடுக்குகளை மட்டுமே சார்ந்தது. எந்தப் பகா எண்ணுக்கு எந்த அடுக்கு என்பதைச் சார்ந்ததன்று. ஆகவே பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்குக் கொடுத்து, பகா எண்களையும் 2-லிருந்து இடைவெளியின்றி எடுத்துக்கொண்டால், அதே காரணி எண்ணிக்கையோடு எண் சிறியதாகிறது. எனவே போட்டியாளர்களாக, 2, 3, 5, 7 என வரிசையாகச் சென்று அடுக்குகள் எங்கும் ஏறாமல் இறங்கியோ சமமாகவோ வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். நம் எண்ணின் அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1.

போட்டியாளர்களை, அவற்றில் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பதினொரு பகா எண்கள், அதாவது 31 வரை இருந்தால், அவற்றின் பெருக்கமே 200560490130. அதை இரட்டித்தாலும் நம் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே அந்த ஓர் எண்ணே வாய்ப்பு; அதற்குக் காரணிகள் 2048. பன்னிரண்டாவதாக 37-ஐச் சேர்த்தால் எல்லையே கடந்துவிடும்.

பத்துப் பகா எண்கள், 29 வரை: பெருக்கம் 6469693230. இதை 45 மடங்கு வரை பெருக்கலாம். முறையான மடங்குகளில் சிறந்தது 36, அதாவது 2² × 3². அப்போது அடுக்குகள் 3, 3, பிறகு எட்டு ஒன்றுகள்; காரணிகள் 4 × 4 × 256 = 4096.

ஒன்பது பகா எண்கள், 23 வரை: பெருக்கம் 223092870, 1314 மடங்கு வரை இடம் இருக்கிறது. நான் இந்தப் பகுதிக்கு ஒரு முழுப் பக்கம் செலவிட்டேன், உங்களையும் அவ்வாறே செய்யச் சொல்வேன். 720, 960, 1152, 1260, 1296 ஆகிய ஐந்து மடங்குகளும், ஒன்றோடொன்று ஒட்டாத வெவ்வேறு அடுக்கு அமைப்புகளைக் கொண்டிருந்தும், அதே 4608-இல் வந்து நிற்கின்றன. அவற்றை மிஞ்சுவது ஒன்றே ஒன்று: 1080, அதாவது 2³ × 3³ × 5. அடுக்குகள் 4, 4, 2, பிறகு ஆறு ஒன்றுகள்; காரணிகள் 5 × 5 × 3 × 64 = 4800. அந்த எண் 240940299600. மிகு பகு எண்களின் வரிசையில் நம் எண்ணுக்கு நேர் முன்னால் நிற்பது அதுதான்.

எட்டுப் பகா எண்கள், 19 வரை: பெருக்கம் 9699690. நம் எண் இதன் 30240 மடங்கு. ஆகவே போட்டியாளர்கள் 30240-க்குக் கீழே உள்ள மடங்குகள். இங்கேதான் கடும் போட்டியை எதிர்பார்த்தேன். 20160, 25200, 25920, 28800 ஆகியவை முன்னணியில் வருகின்றன. நான்குக்கும் காரணிகள் மீண்டும் 4608. 27720 என்னும் மடங்கு 11-ஐயும் இரட்டிக்கிறது; அது 4320-இல் நின்றுவிடுகிறது. 5040-ஐத் தொட 30240-தான் வேண்டும்.

ஏழு பகா எண்களோடு நிறுத்திக்கொண்டால் 510510-க்கு 574560 மடங்குக்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இடம் இருக்கிறது. ஆயினும் அந்த இடத்தைச் சிறிய பகா எண்களின் அடுக்குகளை ஏற்றுவதிலேயே செலவிட வேண்டும். அடுக்கு ஏற ஏற அதன் பயன் குறைகிறது: 1-லிருந்து 2-க்கு ஏறினால் காரணிகள் ஒன்றரை மடங்காகும், 6-லிருந்து 7-க்கு ஏறினாலோ ஏழில் ஒரு பங்கு மட்டுமே கூடும். 453600, 544320, 554400 ஆகிய மடங்குகள் மூன்றும் 4032-ஐத் தருகின்றன. ஆறு அல்லது அதற்குக் குறைந்த பகா எண்களில் நிலைமை இன்னும் மோசம்.

ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் 4800-க்கு மேல் இல்லை. 293318625600 ஒரு மிகு பகு எண்.

பட்டியலில் அதன் இடம்

அதற்கு அடுத்து வரும் மிகு பகு எண்ணையும் இதே அட்டவணையிலிருந்து படிக்கலாம். ஒன்பது பகா எண்களின் பெருக்கத்தை 1440-ஆல் பெருக்கினால் 321253732800; அடுக்குகள் 6, 3, 2, பிறகு ஆறு ஒன்றுகள்; காரணிகள் 7 × 4 × 3 × 64 = 5376. இப்போது மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னால் நிற்கும் 240940299600-லும் பின்னால் நிற்கும் 321253732800-லும் 23 இருக்கிறது, 7 ஒரே ஒருமுறைதான் இருக்கிறது. நடுவில் நிற்கும் நம் எண்ணிலோ 23 இல்லை. பின்னால் நிற்பதோடு ஒப்பிட்டால், அந்த இடத்தை இன்னொரு 3-ம் இன்னொரு 7-ம் நிரப்புகின்றன. பின்னால் நிற்பதை 23-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் நம் எண் அப்படியே கிடைப்பதைத் தாளில் சரிபார்த்துக்கொள்ளலாம். 23 வரிசைக்குள் நுழைந்துவிட்ட பிறகும், அது இல்லாத ஓர் எண் இடையில் தலைகாட்டுகிறது. இயந்திரத் துணையின்றிக் கையால் தொகுத்த 102 எண்களில் ஒன்று நழுவுமானால், நழுவுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்களாகச் செய்து பழக விரும்பினால், அடுத்து எடுக்க வேண்டிய எண் இராமானுஜனின் பட்டியலில் கடைசியாக உள்ள 6746328388800. மேலே சொன்ன வரிசையிலேயே செல்லுங்கள்: இரண்டு சோதனைகள், 100-ஐ எடுத்தல், 16-ஆல் வகுத்தல், 9-ஆல் இருமுறை வகுத்தல், மூன்று மூன்றாகப் பிரித்தல். 2-க்கு ஆறு, 3-க்கு நான்கு, 5-க்கும் 7-க்கும் இரண்டிரண்டு என்று அதே அடுக்குகள் ஒவ்வொன்றாக விழுவதைக் காண்பீர்கள்; 19-ஐயும் எடுத்த பிறகு தாளில் மிஞ்சி நிற்பது 23. பட்டியலை முடித்துவைத்த எண், அதில் விடுபட்டுப்போன எண்ணின் 23 மடங்கு. அதன் காரணிகள் 10080.